இந்த வானம் ஏன் இடம்வலம் மாறிக் கிடக்கிறது? (பழைய வான வரைபடங்கள் பற்றி ஒரு சந்தேகம்)

#1 முத்தையன்கட்டான்

எல்லோருக்கும் வணக்கம். சின்ன விசயம்தான், ஆனால் இரண்டு கிழமையாக மண்டையைக் குடைகிறது.

எங்கள் ஊர் வாசிகசாலைக்கு இந்த முறை பெயின்ற் அடித்தோம். சுவர் வெறுமையாக இருக்கிறதே, பிள்ளைகள் நின்று பார்க்கிற மாதிரி ஏதாவது ஒட்டலாம் என்று பழைய வான வரைபடங்களைத் தேடினேன். ஹெவேலியஸ் என்று போலந்துக் கரையோர நகரம் ஒன்றில் ஒருவர் இருந்திருக்கிறார். தொழில் பியர் வடிப்பது. வீட்டுக் கூரைக்கு மேலே தொலைநோக்கி வைத்து இரவெல்லாம் வானம் பார்ப்பாராம். அவர் செத்த பிறகு மனைவி எலிசபெத் 1690இல் வெளிக்கொண்டுவந்த வரைபடப் புத்தகத்திலிருந்து இரண்டு தாள் எடுத்தேன். ஒன்று ஓரியன் என்கிற தடிகொண்ட வேட்டைக்காரன், திருவாதிரை நட்சத்திரம் அவனுடைய தோளில். மற்றது எருது, ஆறாம்மீன் என்கிற கார்த்திகைக் கூட்டம் அதில்தான். டவுனில் பெரிதாக அச்சடித்துக்கொண்டு வந்தேன்.

ஒட்டுவதற்கு முதல் பெரியையாவிடம் காட்டினேன். எழுபது தாண்டியவர். வாழ்க்கையில் பாதி இரவு வயல் காவலில் கழிந்தவர். சுவரில் பிடித்துக் காட்டினேன், அவர் அதைப் பார்க்கவில்லை. தாள்களை வாங்கி, ஓரத்தோடு ஓரம் பொருத்தி, தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து அண்ணாந்து பார்த்தார். இந்தப் பக்கம் திருப்பினார், அந்தப் பக்கம் திருப்பினார். பிறகு சொன்னார்:

“தம்பி, ஆறாம்மீன் முன்னுக்குப் போகும், இந்தத் தடிக்காரன் பின்னால வருவான். அது சரி. ஆனால் ஆறாம்மீனை மேற்குக்கு வைச்சுப் பிடிச்சால் திருவாதிரை தெற்குப் பக்கம் விழுகுது. அது வடக்கால நிக்கிற வெள்ளியெல்லோ? அச்சடிச்சவன் கண்ணாடிக்குள்ள பார்த்து அடிச்சிட்டான்.”

எனக்குக் கோபம். காசு கொடுத்து அச்சடித்தது. திரும்பவும் டவுனுக்குப் போய்க் கடைப் பெடியனோடு கொழுவினேன். அவன் தாளை மேசையில் விரித்துவிட்டு ஆறுதலாகச் சொன்னான்: “அண்ணை, நான் மாறி அடிச்சிருந்தால் எழுத்தும் எல்லோ மாறியிருக்கும்?” எழுத்தெல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கிறது.

அன்றிரவு முற்றத்தில் தாளையும் ரோச்சையும் கொண்டுபோய் நின்று பார்த்தேன். பெரியையா சொன்னதுதான் சரி. எழுத்து நேராக இருக்கிறது, வானம் மட்டும் மாறியிருக்கிறது. இவ்வளவு பெரிய ஆள் இப்படிப் பிழை விடுவாரா? தெரிந்தவர்கள் சொல்லுங்கோ.

#2 வெட்டைக்காகம்

படம் போடுங்கோ அண்ணை. படம் இல்லாமல் என்னத்தைச் சொல்லுறது.

#3 சித்திரக்காரி

கடைப் பெடியனும் பாவம், ஹெவேலியசும் பாவம். இரண்டு பேரிலும் பிழை இல்லை.

நான் கிளிநொச்சிப் பக்கம் சித்திரம் படிப்பிக்கிற ஆள், வானியல் தெரியாது. ஆனால் இந்தச் சங்கதி சித்திரத்தோடு சேர்ந்தது. அந்தக் காலத்து ஆட்கள் வானத்தை ஒரு பெரிய கோளம் என்று நினைத்தார்கள், வெள்ளிகள் அதில் பதித்த ஆணிகள் மாதிரி. நாங்கள் கோளத்துக்குள்ளே இருந்து பார்க்கிறோம், முட்டைக்குள் இருக்கிற குஞ்சு மாதிரி. அவர்கள் பலபேர் வரைந்தது முட்டையை வெளியே இருந்து பார்த்தால் எப்படியோ அப்படி. வெளியே இருந்து பார்த்தால் இடம்வலம் மாறத்தானே செய்யும்? மேசையில் வைத்து உருட்டுகிற வானக் கோளம் செய்கிறவர்களுக்கு அதுதான் வசதி. தாளில் வரைந்தவர்களும் அதையே பின்பற்றினார்கள்.

இதற்கு வேர் மிகப் பழையது. இத்தாலியில் நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் அட்லஸ் தோளில் வானத்தைச் சுமக்கிற பளிங்குச் சிலை இருக்கிறது, உரோமர் காலத்து வேலை. அந்தக் கோளத்தில் ஆடு, எருது, நண்டு, கப்பல் எல்லாம் புடைப்பாகச் செதுக்கியிருக்கிறது. வெள்ளி ஒன்றும் இல்லை, உருவங்கள் மட்டும். அட்லஸ் சுமக்கிற வானத்தை நாங்கள் வெளியே நின்று பார்க்கிறோம். யாருடைய இடத்தில் நின்று? கடவுளுடைய இடத்தில் என்றுதான் நான் பிள்ளைகளுக்குச் சொல்லுவேன்.

பிறகு 1515இல் ஜெர்மனியில் டியூரர் என்கிற ஓவியர் மரக்கட்டையில் செதுக்கி அச்சடித்தார், வடவானம் ஒரு தாள், தென்வானம் ஒரு தாள். ஐரோப்பாவில் அச்சில் வந்த முதல் வான வரைபடம் அது. அதுவும் வெளிப்பார்வைதான். அவர் சித்திரக்காரர், அதனால் ஒரு வேலை செய்தார்: மனித உருவங்களை முதுகு காட்டி வரைந்தார். உள்ளே இருக்கிற எங்களுக்கு முகம் காட்டுகிறவர்கள் வெளியே நிற்கிறவனுக்கு முதுகுதானே காட்டுவார்கள். எவ்வளவு நுணுக்கம் பாருங்கோ. 

1603இல் பேயர் என்கிற வழக்கறிஞர் வெளியிட்ட புத்தகத்தில் வெள்ளிகளை உள்ளிருந்து பார்க்கிறபடி மாற்றிப் போட்டார். பிரகாசமான வெள்ளிகளுக்குக் கிரேக்க எழுத்து வைக்கிற வழக்கமும் அவருடையதுதான், இன்றைக்கும் அதுதான் புழக்கம். ஆனால் வெள்ளியைத் திருப்பியவர் உருவங்கள் பலவற்றை முதுகு காட்டியபடியே விட்டுவிட்டார். அதனால் பழைய புத்தகங்களில் “வலத்தோள்” என்று இருந்த வெள்ளி இவருடைய படத்தில் இடத்தோளாகப் போனது. இதற்காகப் பின்னால் வந்த பிளாம்ஸ்டீட் என்கிற இங்கிலாந்துக்காரர் அவரை நன்றாகத் திட்டியிருக்கிறார்.

அதனால் முத்தையன்கட்டான், பெரியையாவிடம் சொல்லுங்கோ: அது பிழை இல்லை, அது வேறு இடத்தில் நின்று பார்த்தது.

#4 முத்தையன்கட்டான்

ஆ... இப்போதுதான் விளங்குகிறது. கடைப் பெடியனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

பெரியையாவிடம் சொன்னேன். “வெளியில போய் நிண்டு பார்த்தவன் ஆர்?” என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை.

#5 பனிநாட்டுப் பனை

நல்ல இழை. நான் மல்லாவியில் பிறந்து இப்போது டொரொண்டோவில். கொஞ்சம் கசப்பான ஒன்று கேட்கிறேன், கோபிக்கக் கூடாது.

சீனாவில் துன்ஹுவாங் குகையிலிருந்து எடுத்த சுருள் ஒன்று லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. 7ஆம் நூற்றாண்டு என்கிறார்கள். கையால் வரைந்த 1,300க்கு மேற்பட்ட வெள்ளிகள், 12 மாதப் பகுதிகளாக, கடைசியில் வடதுருவத்தைச் சுற்றி ஒரு வட்டம். மூன்று பழைய வானநூல் மரபுகளைக் காட்ட வெள்ளிகளுக்கு வெவ்வேறு நிறம் வேறு. கொரியாவில் 1395இல் கல்லில் வெட்டிய படத்தில் 1,467 வெள்ளி. பாரசீகத்தில் அல்-சூஃபி 964இல் எழுதிய நூலில் ஒவ்வொரு கூட்டத்துக்கும் இரண்டு படம் போட்டார்: ஒன்று வானத்தில் தெரிகிறபடி, மற்றது கோளத்தில் தெரிகிறபடி. பெரியையாவின் சந்தேகத்துக்கு ஆயிரம் வருசத்துக்கு முதலே அந்த மனிசன் பதில் வைத்துவிட்டார்!

எங்களிடம் என்ன இருக்கிறது? பாட்டு இருக்கிறது, சாத்திரம் இருக்கிறது. வரைந்து வைத்த ஒரு வானம் எங்கே? எங்கள் ஆட்கள் வானத்தைப் பார்த்தார்கள், வரையவில்லை. அதுதான் உண்மை என்று நினைக்கிறேன்.

#6 வெட்டைக்காகம்

சீனச் சுருளில் கக்கூசு வெள்ளி இருக்கிறது என்று எங்கோ வாசித்தேன். உண்மையா?

#7 பனிநாட்டுப் பனை

சுருளில் எந்த இடம் என்று கேட்காதேங்கோ, ஆனால் சீன வானத்தில் உண்டு. அவர்களுடைய வானம் ஒரு முழு அரசாங்கம். துருவத்துக்குப் பக்கத்தில் பேரரசர், சுற்றிவர அரண்மனை மதில், அமைச்சர்கள், சேனை, சந்தை, களஞ்சியம். அரசாங்கம் நடத்தினால் கக்கூசும் தேவைதானே. கிரேக்கர் வானத்தில் கதையைப் பார்த்தார்கள், சீனர் நிர்வாகத்தைப் பார்த்தார்கள்.

#8 வவுனியா வாத்தியார்

பனிநாட்டுத் தம்பிக்கு: வரையவில்லை என்று அவ்வளவு உறுதியாகச் சொல்ல வேண்டாம்.

பத்துப்பாட்டில் நெடுநல்வாடை என்று ஒன்று, 188 அடி, நக்கீரர் பாடியது. குளிர்காலம். அரசன் பாசறையில். அரசி கட்டிலில் தூக்கம் வராமல் கிடக்கிறாள். அவள் அண்ணாந்து பார்க்கிறது எதை என்றால்:

“புதுவது இயன்ற மெழுகுசெய் படமிசைத்
திண்ணிலை மருப்பின் ஆடு தலையாக
விண்ணூர்பு திரிதரும் வீங்குசெலல் மண்டிலத்து
முரண்மிகு சிறப்பின் செல்வனொடு நிலைஇய
உரோகிணி நினைவனள் நோக்கி நெடிதுயிரா”

புதிதாகச் செய்த, மெழுகு பூசிய துணி. கட்டிலுக்கு மேலே கட்டியது. மேற்கட்டி என்றுதான் உரைகளில் சொல்லுவார்கள். அதில் வானம் எழுதியிருக்கிறது. கொம்புடைய ஆட்டை முதலாகக் கொண்ட ராசி மண்டலம், ஞாயிறு போகிற வழி, அதில் திங்களும் அவனை விட்டுப் பிரியாத உரோகிணியும். “நான் மட்டும் தனியாக இருக்கிறேனே” என்று அரசி பெருமூச்சு விடுகிறாள்.

இது வரைந்த வானம் இல்லாமல் வேறென்ன? துணியில் எழுதியது, கறையான் தின்றிருக்கும். கல்லில் வெட்டியிருந்தால் கொரியாக்காரர் மாதிரி நாங்களும் காட்டியிருப்போம்.

இன்னொன்று. சித்திரக்காரி சொன்ன முட்டைக் கதையோடு சேர்த்துப் பாருங்கோ. இந்தப் படம் எங்கே இருக்கிறது? மேசையில் இல்லை, சுவரில் இல்லை, கட்டிலுக்கு மேலே. படுத்துக்கொண்டு அண்ணாந்து பார்க்கிற படம். அப்படி ஒரு படத்தை வெளிப்பார்வையாக எழுத யாருக்கும் தோன்றுமா? பெரியையா தாளைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார் என்று வாசித்ததும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது இந்த அடிகள்தான்.

#9 பனிநாட்டுப் பனை

ஐயா, பாட்டு அருமை. ஆனால் இது அலங்காரத் துணி. ஆடும் எருதும் திங்களும் அழகுக்காக எழுதியது. எந்த வெள்ளி எங்கே என்று அளந்து வைத்தார்களா? டியூரர் தனியே செய்யவில்லை. கணிதம் தெரிந்த இருவர் கூட இருந்து, வெள்ளிகளுக்கு இடம் குறித்துக் கொடுத்தார்கள். அவர் உருவத்தைப் போட்டார். அழகும் அளவும் சேர்ந்தால்தான் வரைபடம். அழகு மட்டும் என்றால் சீலைதான்.

அதோடு “ஆடு தலையாக” என்பதே இரவல். 12 ராசி பாபிலோனில் பிறந்து கிரேக்கர் வழியாக வந்தது. எங்கள் பக்கம் பழையது 27 நாள்மீன்தான்.

#10 வவுனியா வாத்தியார்

அளவு பற்றிச் சொன்னதை ஒத்துக்கொள்கிறேன் தம்பி. அந்தத் துணியில் அளவு இருந்தது என்று நான் சொல்லமாட்டேன். இரவல் என்பதும் சரி, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பேயருடைய எருதும் அதே பாபிலோனிலிருந்து நடந்து வந்த எருதுதான்.

ஆனால் 27 என்று நீங்களே எடுத்ததால் பரிபாடல் 11ஐப் பாருங்கோ. நல்லந்துவனார் வைகையில் வெள்ளம் வருவதைச் சொல்ல முதல் வானத்தைச் சொல்கிறார்: எரி, சடை, வேழம் என்று மூன்று தலைவாசல். எரி கார்த்திகை, சடை திருவாதிரை, வேழம் பரணி. அவற்றின் கீழ் மூன்று தெரு, தெருவுக்கு ஒன்பது இருக்கை, “மூன்று ஒன்பதிற்று இருக்கை”. எந்தக் கோள் எந்த வீட்டில் நிற்கிறது, அகத்தியர் வெள்ளி எங்கே வருகிறது என்று பிறகு வரிசையாக. இது தெருவும் வீட்டு இலக்கமும் போட்ட வானம். கோடு போடவில்லை, அவ்வளவுதான். கேட்கிறவன் மனசுக்குள் போட்டுக்கொள்வான்.

#11 வெட்டைக்காகம்

நாவலர் வீதி, 3ஆம் குறுக்கு, திருவாதிரை வீடு 😄

#12 முல்லைக்கடல்

தெருக்கதை எனக்குப் பிடித்திருக்கிறது. ஏனென்றால் எங்கள் வானம் உண்மையில் அப்படித்தான் ஓடுகிறது.

நான் முல்லைத்தீவு. அப்பா களங்கண்ணி வலை கட்டி மீன் பிடித்தவர், நான் போட்டில் போகிறவன். ஐரோப்பாக்காரனுக்கு வடதுருவ வெள்ளி நல்ல உயரத்தில் நிற்கும், எல்லாம் அதைச் சுற்றிச் சுழலும். அதனால் அவன் வட்டமாக வரைகிறான். இங்கே நாங்கள் 9 பாகையில் இருக்கிறோம். துருவ வெள்ளி அடிவானத்துக்கு மேலே ஒரு சாண் உயரம்கூட இல்லை. கரையில் பனை நின்றால் அதற்குள் மறைந்துவிடும். மற்ற வெள்ளியெல்லாம் கடலில் இருந்து நேரே எழும்பி, தலைக்கு மேலே வந்து, காட்டுக்குள் நேரே விழும். தெரு மாதிரித்தான், சக்கரம் மாதிரி இல்லை.

துருவ வெள்ளி பதிந்து நிற்கிறதாலும் ஒரு நன்மை. சோழமண்டலக் கரை மாலுமிகள் சின்னப் பலகையில் முடிச்சுப் போட்ட கயிறு கட்டி, கயிற்றைப் பல்லில் கடித்து, பலகையின் அடி ஓரத்தைக் கடல் விளிம்பிலும் மேல் ஓரத்தைத் துருவ வெள்ளியிலும் முட்ட வைத்து எந்தத் துறைமுகத்துக்கு நேரே நிற்கிறோம் என்று பார்த்திருக்கிறார்கள். முடிச்சுத்தான் அவர்களுடைய வரைபடம். பனிநாட்டு அண்ணாவுக்கு அளவு வேண்டுமென்றால் இதுவும் அளவுதான்.

இனி என்னுடைய ஆத்திரம். பேயருடைய 1603ஆம் ஆண்டுப் புத்தகத்தில் தென்வானத்துக்குப் புதிதாக 12 கூட்டம் சேர்த்த ஒரு தாள் இருக்கிறது. மயில், பச்சோந்தி, கொக்கு, பறவைமீன், “இந்தியன்” என்று ஒரு ஆள்கூட. இவை எங்கிருந்து வந்தன? 1595இல் கிழக்கிந்தியாவுக்கு வெளிக்கிட்ட முதல் ஒல்லாந்துக் கப்பல்களில் கைசர், டி ஹௌட்மன் என்று இரண்டு பேர் வெள்ளிகளைக் குறித்தார்கள். கைசர் திரும்பி வரவில்லை, வழியிலேயே செத்துப்போனார். அவர்கள் மிளகு தேடி வந்தவர்கள், வழியில் கண்ட மிருகமும் பறவையும் வானத்தில் ஏறிவிட்டன. அந்த வெள்ளிகளை இந்தக் கரையில் எத்தனை தலைமுறை பார்த்திருக்கும்? ஒரு பெயரும் கேட்கவில்லை. 1658இல் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் அவர்கள் பிடித்தார்கள். வானத்தை அதற்கு அரை நூற்றாண்டு முதலே பிடித்துவிட்டார்கள்.

#13 மாந்தைக்காரன்

பெயர் மாற்றுகிறதில் எங்கள் பக்கமும் ஒரு ஆள் இருந்தார். 1627இல் சில்லர் என்கிற ஒருவர் “இதென்ன, வானம் முழுக்க அஞ்ஞானிகளின் கதையாக இருக்கிறது” என்று ஒட்டுமொத்தமாக மாற்றிப் புத்தகம் போட்டார். 12 ராசிக்கும் 12 அப்போஸ்தலர்கள். ஆட்டுக்கிடாயின் இடத்தில் பேதுரு. கப்பலின் இடத்தில் நோவாவின் பேழை. படங்கள் மிக வடிவு, சொல்ல வேண்டும். ஆனால் ஒருவரும் பின்பற்றவில்லை. ஆடு ஆடாகவே இருக்கிறது.

நான் கத்தோலிக்கன். இருந்தாலும் பேதுருவை மார்ச் மாதத்தில் தேடிப்பிடிக்க எனக்கும் விருப்பமில்லை.

#14 பஞ்சாங்கத்துப் பிள்ளை

இவ்வளவு நேரமும் வாசித்துக்கொண்டிருந்தேன். எல்லோரும் ஒன்றை மறந்துவிட்டீர்கள். உங்கள் வீட்டு அலுமாரிக்குள் ஆளுக்கொரு வான வரைபடம் இருக்கிறது.

குறிப்பு.

சாதகக் குறிப்பைத்தான் சொல்கிறேன். சதுரக் கட்டம். மேல் இடது மூலை மீனம், பக்கத்தில் மேடம், இடபம், வலது மூலையில் மிதுனம். அப்படியே வலப்பக்கத்தால் இறங்கிக் கடகம், சிங்கம், கன்னி, கீழால் திரும்பித் துலாம். ராசிகள் இடம் மாறாமல் நிற்க, கோள்களைத் தேடி வைக்கிறோம். சோதிடத்தை நம்புகிறீர்களோ இல்லையோ, ஒரு பிள்ளை பிறந்த நேரத்தில் எந்தக் கோள் எந்தப் பக்கம் நின்றது என்பதற்கு அது படம். அழகே இல்லாத படம். அளவு மட்டும்.

இப்போது பெரியையாவுக்காக ஒன்று. எங்கள் கட்டம் கடிகாரம் ஓடுகிற திசையில் போகிறது. வடக்கே பார்த்து நின்று நன்றாக அண்ணாந்து பாருங்கோ: ஆடு, எருது, இரட்டையர் என்ற வரிசை மேற்கிலிருந்து தலைக்கு மேலாகக் கிழக்கே, இடமிருந்து வலமாக வரும். அதுவும் கடிகாரத் திசை. டியூரருடைய வடவானத் தாளில் அதே வரிசை எதிர்த் திசையில் சுற்றுகிறது. ஆக, எங்கள் கட்டம் உள்ளே இருந்து பார்க்கிறவனுடையது. இதற்காகத்தான் அப்படி வைத்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் பொருந்துகிறது.

சொந்தக் கதை ஒன்று. 95 ஐப்பசியில் நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து இங்கே வந்தபோது அம்மா ஒரு பையைத் தோளிலிருந்து இறக்கவேயில்லை. பொலித்தீனில் சுற்றியபடி காணி உறுதி, எங்கள் நாலு பேரின் குறிப்புக் கொப்பி. பிறப்புப் பத்திரங்கள் வேறொரு பெட்டியில் வந்தன, அந்தப் பெட்டி கிளாலிக் கரையோடு போய்விட்டது. பிறகு ஒரு கந்தோரில் தம்பியின் வயதை நம்பமாட்டோம் என்றார்கள். அப்பா கொப்பியை விரித்து, சனி இந்த வீட்டில், வியாழன் இந்த வீட்டில், அப்போ இந்த வருசமாகத்தான் இருக்க வேண்டும் என்று மேசைக்காரருக்கு விளங்கப்படுத்தினார். சனி ஒரு சுற்று வர கிட்டத்தட்ட 30 வருசம், வியாழன் 12 வருசம், இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் வருசம் தப்பாது. மேசைக்காரர் கடைசிவரை ஏற்றுக்கொள்ளவில்லை. ஆனால் அப்பா சொன்ன வருசம்தான் பின்னால் கிடைத்த பிரதியிலும் இருந்தது.

#15 சித்திரக்காரி

அண்ணா, இதை வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் எழுத முடியவில்லை. எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பை.

#16 பனிநாட்டுப் பனை

சரி, நான் தோற்றேன் என்று வைத்துக்கொள்ளுங்கோ. பாதி. அளவு உள்ள இடத்தில் அழகு இல்லை, அழகு உள்ள இடத்தில் அளவு இல்லை. இரண்டும் ஒரு தாளில் சேர்ந்ததை இன்னும் ஒருவரும் காட்டவில்லை.

#17 வெட்டைக்காகம்

ஆறாம்மீனில் எத்தனை வெள்ளி? எனக்கு ஆறுதான் தெரிகிறது. என் மகன் ஏழு என்கிறான், கண்ணாடி போட்டபடி.

#18 மட்டுறுத்துநர்

இழை நீள்கிறது, பரவாயில்லை. கண் பரிசோதனை பற்றி வேறு இழை திறக்கலாம்.

#19 வவுனியா வாத்தியார்

இது கண் பரிசோதனை மட்டும் இல்லை ஐயா, அனுமதியுங்கோ.

ஜெர்மனியில் நெப்ரா என்ற இடத்தில் 1999இல் மண்ணிலிருந்து எடுத்த வெண்கலத் தட்டு ஒன்று, மூவாயிரத்து ஐந்நூறு வருசத்துக்கு மேற்பட்டது. அதில் பொன் புள்ளியாக வெள்ளிகள், ஒரு இடத்தில் ஏழு புள்ளி நெருக்கமாக. ஆறாம்மீன் என்றுதான் அதைக் கொள்கிறார்கள். கிரேக்கருக்கு ஏழு சகோதரிகள். சீனருக்கும் ஏழு. எங்களுக்கு மட்டும் ஆறு, அறுமீன். முருகனுக்குப் பால் கொடுத்த பெண்கள் ஆறு பேர். ஏழாவது எங்கே? வியாசபாரதக் கதையில் ஏழு முனிவர் மனைவியரில் ஆறு பேர் விலக்கப்பட்டுக் கார்த்திகை ஆகிறார்கள், அருந்ததி மட்டும் கணவனோடு நிற்கிறாள். சங்கப்பாட்டு அவளை வடமீன் என்கிறது. ஏழு முனிவர் கூட்டத்தில் வசிட்டருக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கிற மங்கல் வெள்ளி அதுதான்.

கார்த்திகை விளக்கீட்டுக்குப் படலையில் பந்தம் நடுகிறோமே, அது அந்த ஆறு பேருக்கும் சேர்த்துத்தான் என்று என் அம்மம்மா சொல்லுவா. மகனுக்கு ஏழு தெரிந்தால் தெரியட்டும், நல்ல கண்.

#20 முத்தையன்கட்டான்

இவ்வளவு எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. நேற்று இரவு போனில் எல்லாவற்றையும் பெரியையாவுக்கு வாசித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டே வெற்றிலை போட்டார்.

ஆறாம்மீனைப் பற்றி அவருக்கும் சொல்ல இருந்தது. கரண்டே இல்லாத காலம், ஜாம் போத்தல் விளக்கு. மாசியில் காலபோக அறுவடை, வெட்டின நெல் குவியலாகக் களத்தில் கிடக்கும், யானை வரும். இரண்டு பேர் காவல். மணிக்கூடு இல்லை, இருந்தாலும் விளக்குக் கொளுத்தப் பயம். ஆறாம்மீன் பொழுது படேக்க உச்சியில் நிற்கும். அது மேற்கே காட்டுக்குள் இறங்கினால் நடுச்சாமம் திரும்பியது என்று கணக்கு, மற்ற ஆளை எழுப்பலாம். “ஆறாம்மீன் விழேக்க கிழக்கால தேள் தலை தூக்கும். ரெண்டும் ஒண்டையொண்டு முகம் பாராது” என்றார்.

இதை வாத்தியாருக்குத் தனியாக அனுப்பினேன். அவர் உடனே புறநானூறு 229ஐ அனுப்பினார், கூடலூர் கிழார் பாட்டு. சேரமான் ஒருவன் சாவதற்கு ஏழு நாள் முதல் பங்குனி இரவில் வெள்ளி விழுந்ததைச் சொல்கிறது. அதில் அழற்குட்டம் என்று கார்த்திகையும், “முடப்பனை” என்று அனுடமும் வருகின்றன. அனுடம் எங்கே? அந்தத் தேளின் தலைப்பக்கம்தான். கார்த்திகைக்கு நேர் எதிர்.

முடப்பனை! நாங்கள் பாபிலோன்காரனுடைய தேளைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம், அங்கே ஒரு வளைந்த பனை நின்றிருக்கிறது. பெரியையாவிடம் சொன்னேன். முற்றத்துக்கு வந்து பார்த்தார், அது இன்னும் எழும்பவில்லை. ஒரு மணிக்கு எழும்பி வந்து என்னையும் தட்டி எழுப்பினார். வயல் வெளிக்கு அங்கால, மரங்களுக்கு மேலே சரிந்தபடி. “ஓமடா, பனைதான். வட்டு மேல, வேர் கீழ. காத்தில வளைஞ்ச பனை” என்றார். அதற்குப் பிறகு எனக்குத் தேள் தெரியவேயில்லை.

இனி விசயத்துக்கு வருகிறேன். ஹெவேலியஸ் தாள்களைச் சுவரில் ஒட்டிவிட்டோம், அது அழகு, இருக்கட்டும். ஆனால் கூரைக்குக் கீழே ஒரு மேற்கட்டி கட்டப் போகிறோம். வெள்ளைத் துணி. மெழுகுக்குக் குறைவில்லை, நெடுங்கேணிப் பக்கம் தேன் எடுக்கிறவர்களிடம் கேட்டால் தருவார்கள். வெள்ளிகளை நான் அளந்து குறித்துத் தருவேன், பனிநாட்டு அண்ணா சரிபார்க்க வேண்டும், அளவு அளவு என்று கத்தினவர் அவர்தானே. உருவங்களைச் சித்திரக்காரி அக்கா எழுத வேண்டும். ஆடு வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் முடப்பனை கட்டாயம், மான்தலை, குளம், வேழம், சடை எல்லாம்.

#21 சித்திரக்காரி

சந்தோசம், வருகிறேன். பள்ளி விடுமுறைக்கு வைத்துக்கொள்வோம். மெழுகை உருக்கித் துணியில் தேய்த்தால் சாயம் பிடிக்காது, முதலில் எழுதிவிட்டுப் பிறகு மெழுகு என்று நினைக்கிறேன், ஒரு துண்டில் செய்து பார்க்கிறேன். துணி பருத்தியாக இருக்கட்டும், பொலியெஸ்டர் வேண்டாம்.

ஒரு கேள்வி: எந்தப் பக்கம் மேலே? வடக்கை மேலே வைத்தால் புத்தகப் படங்களோடு பொருந்தும். பிள்ளைகள் வாங்கில் வடக்கே தலை வைத்துப் படுத்துப் பார்க்கலாம்.

#22 முத்தையன்கட்டான்

கேட்டேன் அக்கா. பெரியையா வாங்கிலிருந்தே எழும்பிவிட்டார். “உத்தமம் கிழக்கு, ஓங்குயிர் தெற்கு, மத்திமம் மேற்கு, மரணம் வடக்கு. பிள்ளையளை வடக்க தலை வைச்சுப் படுக்கச் சொல்லுறியோ?”

கிழக்கே தலை வைக்கச் சொல்கிறார். களத்தில் அவர் அப்படித்தான் படுப்பாராம், வெள்ளி தலைமாட்டில் முளைத்துக் கால்மாட்டில் விழும். அப்போ கிழக்கு மேலே, இடக்கைப் பக்கம் தெற்கு, வலக்கைப் பக்கம் வடக்கு. எழுத்துகளையும் அதற்கேற்ற மாதிரி எழுதுங்கோ. துணி எத்தனை முழம் என்று வாங்குகளை அளந்துவிட்டு நாளைக்குச் சொல்கிறேன்.